புல் நிபுணரின் ஆலோசனைப்படி

கல்லூரி மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கொள்வதுதான் அவனுடைய வேலை. ரிமோட் கார் பந்தயக் குழுவில் அவனுக்குக் கத்திரி என்று பெயர். மெஷினால் வெட்டி முடித்த பிறகும், ஓரத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து கத்திரிக்கோலால் இன்னொரு தடவை நறுக்கினால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். நாற்பத்தைந்து வயதில் பொம்மைக் கார்க்காரர்களோடு ஏன் சுற்றுகிறான் என்று யாராவது கேட்டால், அவன் மனைவி சிரிப்பாள்.

"அவரு எங்க கார் ஓட்டுறாரு? மத்தவங்க கார் ஓடுறப்போ புல்லுக்கு வலிக்குதான்னு பார்த்துக்கிட்டு நிப்பாரு."

உண்மைதான். செருப்புப் பெட்டி அளவுக் கார்கள் குளவிக்கூட்டம் போல இரைந்துகொண்டு பறக்கும்போது, அவனுடைய கார் மட்டும் ஏதாவது ஒரு வளைவில் மல்லாந்து கிடக்கும். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவன் வளைவின் புல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பான்.

அவனை இந்தக் குழுவுக்குள் இழுத்துவிட்டவன் மாப்பிள்ளை. தங்கை புருஷன் என்பது பின்னால் வந்த உறவு. ஆறாம் வகுப்பிலிருந்தே இருவரும் ஒரே பெஞ்சு. தங்கையை அவனுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றவனே கத்திரிதான். மாப்பிள்ளைக்குக் கைபேசி பழுதுபார்க்கும் கடை. பாதி அலமாரியில் கைபேசிகள், மீதிப் பாதியில் குட்டி டயர்களும் மோட்டார்களும். குழுவுக்குச் செயலாளரும் அவனே. தலைவர் ஒரு பல் டாக்டர்.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பெரிய கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் பந்தயம் நடக்கும். காலையில் பிளாஸ்டிக் குழாய்களை வளைத்து வளைத்துப் போட்டுப் பாதை அமைப்பார்கள். சாயங்காலம் காவலாளி விசில் ஊதியதும் எல்லாவற்றையும் சுருட்டி வேனில் ஏற்றுவார்கள். நமக்கென்று ஒரு நிரந்தரப் பாதை வேண்டும் என்று எல்லோரும் புலம்புவார்கள். புலம்பல் பலித்தது. ஐஸ் தொழிற்சாலை முதலாளியின் வாய் பல் டாக்டரின் கையில் இருந்த ஒரு நல்ல நாளில், தொழிற்சாலைக்குப் பின்னால் கிடந்த காலி மனையைப் பத்து வருஷத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார் அவர்.

மனையைப் பார்த்ததும் எல்லோருக்கும் முகம் தொங்கிப்போனது. உடைந்த ஓடு, துருப்பிடித்த தகரம், இடுப்பளவு முள்செடி. நடுவில் எருமை படுத்து எழுந்ததுபோல ஒரு பள்ளம்.

"சிமெண்டு போட்டுரலாமா?" என்றார் டாக்டர்.

"புல்லு போடலாம்," என்றான் மாப்பிள்ளை. "நம்ம மச்சான் எதுக்கு இருக்கான்? புல்லுல ஓட்டுற ட்ராக் இந்தப் பக்கம் எங்கயுமே இல்ல."

கத்திரி குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துத் தேய்த்துப் பார்த்தான். "எட்டு மாசம் ஆகும்," என்றான். "அதுவரைக்கும் ஒருத்தனும் கார் எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வரக்கூடாது."

அந்த எட்டு மாதமும் அவனுக்கு இரண்டு வேலை. விடிந்ததும் மனை, ஒன்பது மணிக்குக் கல்லூரி, நான்கு மணிக்கு மறுபடி மனை. கல் பொறுக்கினான். பள்ளத்தைத் தூர்த்தான். தண்ணீர் நிற்காமல் வடிய, மீன்முள் வடிவத்தில் கால்வாய் வெட்டி, ஓட்டை போட்ட குழாய்களைப் பதித்துச் சரளைக்கல்லால் மூடினான். அதிகம் தேயும் என்று தெரிந்த வளைவுகளில் மண்ணுக்கடியில் வலை விரித்தான், வேர் அதைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று. அப்புறம் அருகம்புல்லைக் கொடி கொடியாகக் கொண்டுவந்து, சாணுக்கு ஒன்றாக ஊன்றினான். ஞாயிறு வந்தால் குழுவில் பத்துப் பேராவது உதவிக்கு வருவார்கள். மற்ற நாளெல்லாம் அவனும் மாப்பிள்ளையும்தான்.

மாப்பிள்ளைக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. ஆனால் வாய் ஓயாது. அவன் பேச்சில் அரை நாள் போவதே தெரியாது.

"டேய் மச்சான், இவ்வளவு பாசத்தை நீ என் கல்யாணத்துல கூடக் காட்டலயேடா."

"உன்னை நட்டு வச்சா வளரவா போற?"

பாதையின் ஓரத்துக்கு வெள்ளைக் குழாயைப் பாதி புதைத்தார்கள். மூன்று மேடுகள், ஒரு கொண்டை ஊசி வளைவு, ஓட்டுகிறவர்கள் ஏறி நிற்க இரும்புக் குழாயில் ஒரு மேடை. முதல் பந்தயத்தன்று கத்திரி புல்லை விரல் தடிமனுக்கு வெட்டி, தண்ணீர் நிரப்பிய உருளையால் அழுத்தி வைத்திருந்தான். கார்கள் புறப்பட்டபோது தார்த்தரையில் கேட்கும் கரகரப்பு இல்லை. சீறல் மட்டும்தான். வளைவில் டயர் நழுவி, புல்லைப் பிடித்து, நிமிர்ந்து போனது. எங்கெங்கிருந்தோ ஓட்ட வந்தவர்கள் குனிந்து புல்லைத் தொட்டுப் பார்த்தார்கள். "யாரு போட்டது?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் மாப்பிள்ளை கத்திரியின் தோளைப் பிடித்துத் தள்ளி முன்னால் நிறுத்தினான். கத்திரிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றான்.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. குறைகள் இல்லாமலில்லை. மழை பெய்தால் மூன்று நாள் பாதையைப் பூட்டிவிடுவான். கொண்டை ஊசி வளைவு தேய்ந்தால் இரண்டு வாரம் மூடி, புதுக்கொடி ஊன்றுவான். "புல்லுக்கு லீவு விட்டுட்டு நம்மள வீட்டுக்கு அனுப்புறாரு" என்று சிலர் முணுமுணுத்தார்கள். கத்திரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. புல் என்றால் அப்படித்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை கல்லூரிக்கு வந்து, மருந்தடிக்கும் ஸ்பிரேயரைக் கேட்டான்.

"எதுக்குடா?"

"வீடு முழுக்க எறும்பு மச்சான். உன் தங்கச்சி கத்துறா."

முதுகில் மாட்டிக்கொள்ளும் பழைய ஸ்பிரேயர் அது. விசையை விட்ட பிறகும் அதன் மூக்கிலிருந்து ஏழெட்டுச் சொட்டு ஒழுகும். "திரும்புறப்போ மூக்கை வெளிப்பக்கமா பிடி, இல்லாட்டி சொட்டும்," என்று சொல்லிக் கொடுத்தனுப்பினான். இரண்டு நாள் கழித்து அது திரும்பி வந்தது. பளபளவென்று கழுவி, துடைத்து. வாங்கின டீ கிளாஸைக் கூட நகர்த்தி வைக்காதவன் இதைக் கழுவிக் கொடுக்கிறானே என்று கத்திரி கேலி செய்தான். மாப்பிள்ளை சிரித்தான்.

அடுத்த வாரம் புல் பழுக்க ஆரம்பித்தது.

முதலில் ஓட்டுகிறவர்களின் மேடைக்கு எதிரே ஒரு வெளிறல். மறுநாள் அது மஞ்சள். அதற்கு மறுநாள் பாதை முழுக்க மஞ்சள். கத்திரி பூஞ்சையாக இருக்கும் என்று வேர்களைப் பிடுங்கி மோந்து பார்த்தான். ஐஸ் தொழிற்சாலைக் கழிவு ஏதாவது கசிந்திருக்குமோ என்று சுவரோரமாகத் தோண்டினான். தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கொடுத்தான். விடுப்பு எழுதிப் போட்டுவிட்டு, காலையிலிருந்து மாலை வரை அங்கேயே கிடந்தான். தொழு உரத்தைச் சலித்துத் தூவினான். மண்ணைக் குத்திக் காற்றோட்டம் கொடுத்தான். தண்ணீர் விட்டான்.

ஐந்து நாளும் மாப்பிள்ளை கடையை அரை நாள் பூட்டிவிட்டு வந்து, தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றான்.

"ஒருவேளை தண்ணி சரியில்லையோ, மச்சான்?"

"அதான் கொடுத்திருக்கேன். சோதிச்சுச் சொல்லட்டும்."

"ரொம்ப மனசைப் போட்டுக் குழப்பிக்காத. புல்லுதானே."

சாயங்காலம் போகும் வழியில் தங்கை வீட்டில் உட்கார்ந்து கத்திரி அதே பேச்சைப் பேசினான். வேர் வெள்ளையாக இருக்கவேண்டியது பழுப்பாக இருக்கிறது என்றான். தங்கை டீயைக் கொண்டுவந்து வைத்தாள். "சாப்பிட்டியாண்ணே?" என்றாள். மாப்பிள்ளை தொலைக்காட்சியைப் போட்டான்.

ஆறாம் நாள் காலையில் அவன் ஓட்டுபவர்களின் மேடையில் ஏறி நின்றான். அதுவரை மண்டிபோட்டு, புல்லுக்கு ஒரு சாண் உயரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவன், மேலேயிருந்து முழுப் பாதையையும் பார்த்தது அப்போதுதான்.

மஞ்சள் கோடு கோடாக இருந்தது. ஒரு ஆள் நடந்து போகும் அகலத்தில், பக்கத்துப் பக்கத்தில், நேராக. இரண்டு இடத்தில் கோடுகளுக்கு நடுவே ஆப்பு வடிவத்தில் பச்சை தப்பித்திருந்தது. நோய் நேர்கோட்டில் வராது. அவன் இறங்கிப் போய்க் கோடுகள் முடியும் இடத்தைப் பார்த்தான். பாதைக்கு வெளியே, நல்ல புல்லில், கருகின புள்ளிகள். கோடு திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் ஏழு புள்ளி, எட்டுப் புள்ளி. சொல்லிக் கொடுத்தபடியே மூக்கை வெளிப்பக்கமாகப் பிடித்திருக்கிறான்.

கத்திரி ஒரு புள்ளியை விரலால் கிள்ளிப் பார்த்தான். அவன் ஸ்பிரேயர் ஒழுகும் ஒழுக்கு அவனுக்குத் தெரியாதா? களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள். பிணத்துக்கு ஐந்து நாளாகக் கஞ்சி ஊட்டியிருக்கிறான் அவன். பக்கத்தில் நின்று கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டவன் மாப்பிள்ளை.

அப்போதும் அவன் மனம் ஒரு சந்து தேடியது. எறும்பு மருந்து என்று தப்பான மருந்தை வாங்கியிருப்பானோ? அப்படியானாலும் அதை இங்கே வந்து ஏன் அடிக்க வேண்டும்? நேராகப் பல் டாக்டரைப் பார்க்கப் போனான். காத்திருந்த நோயாளிகளைத் தாண்டி உள்ளே போனவனை டாக்டர் சிரித்த முகமாக வரவேற்றார்.

"வாங்க கத்திரி. முழுசாக் காய்ஞ்சிருச்சா? திங்கட்கிழமை விரிப்புக்காரங்க வர்றாங்க."

"என்ன விரிப்பு?"

டாக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. "செயற்கைப் புல் விரிப்புங்க. கம்பெனிக்காரங்க இலவசமாப் போட்டுத் தர்றாங்க, அவங்க பேரு தெரிஞ்சாப் போதும்னு. மழையானாலும் ஓட்டலாம். அடியில இருக்கிற புல்லு வேரோட சாகணும், இல்லாட்டி கிழிச்சுக்கிட்டு வந்துரும்னு... நீங்க சொன்னதுதானே இது?"

"நானா?"

டாக்டர் மேசை இழுப்பறையிலிருந்து கூட்டப் பதிவு நோட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினார். மாப்பிள்ளையின் கையெழுத்து, கோழிக் கிறுக்கல். ஐந்து வாரத்துக்கு முந்தைய தேதி. அந்த ஞாயிறு கூட்டம் ரத்தாகிவிட்டது என்று கத்திரியிடம் மாப்பிள்ளை சொல்லியிருந்தான்.

'இந்த இடத்தில் புல் இனி தாங்காது என்று நமது புல் நிபுணர் கூறிவிட்டதால், அவரது ஆலோசனைப்படி, இருக்கும் புல்லை அழித்துவிட்டுச் செயற்கை விரிப்புப் போடுவது என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.'

"நாங்க பாதிப் பேரு வேணாம்னுதாங்க சொன்னோம்," என்றார் டாக்டர். குரல் இறங்கியிருந்தது. "அவ்வளவு உழைச்சிருக்கீங்களேன்னு. மச்சானே சொல்லிட்டாருன்னு உங்க மாப்பிள்ளை சொன்ன பிறகுதான் எல்லாரும் கையைத் தூக்கினாங்க. உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும், அதனால இதைப் பத்தி உங்ககிட்ட யாரும் பேசாதீங்கன்னு தனியா ஒரு வாட்ஸ்அப் குழு கூட ஆரம்பிச்சாரு. உங்க மேல இருக்கிற பிரியத்துலன்னு நினைச்சோம்."

வெளியே யாரோ நோயாளி இருமினார். கத்திரி நோட்டை மூடி, மேசையின் ஓரத்துக்கு நேராக வைத்துவிட்டு எழுந்தான்.

கடையில் மாப்பிள்ளை ஒரு கைபேசியின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வா மச்சான். டீ சொல்லவா?"

"டாக்டரைப் பார்த்துட்டு வர்றேன்."

மாப்பிள்ளையின் கையிலிருந்த இடுக்கி அப்படியே நின்றது. அதை மெதுவாகக் கீழே வைத்தான்.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப?"

"தினமும்தான். உன் மூஞ்சியைப் பார்த்தா வாய் வரல. நீ பாட்டுக்கு உரச்சட்டியும் கையுமா நிக்கிற."

"நீ குழாய் பிடிச்சியேடா. அஞ்சு நாள் என் பக்கத்துல நின்னு தண்ணிக் குழாய் பிடிச்சியே."

"பின்ன உன்னைத் தனியா விடச் சொல்றியா?" என்றான் மாப்பிள்ளை. அதில் கள்ளம் இல்லை. அதுதான் கத்திரிக்குத் தாங்கவில்லை. "இங்க பாரு மச்சான், மழைக்கு மூணு நாள், வளைவுக்கு ரெண்டு வாரம்னு பூட்டிப் போட்டா யாரு வருவாங்க? பெரிய பந்தயமெல்லாம் கைவிட்டுப் போகுது. கேட்டிருந்தா நீ விட்டிருப்பியா?"

"சண்டை போட்டிருப்பேன். ஒரு வாரம் உன் கூடப் பேசியிருக்க மாட்டேன். அப்புறம் நானே மருந்து அடிச்சுக் குடுத்திருப்பேன். உன்னை மாதிரி நடுவுல நடுவுல விட்டுட்டு இல்ல, ஒரு வேர் மிஞ்சாம." கத்திரி மேசையில் கையை ஊன்றினான். "நான் சொன்னேன்னு எதுக்குடா எழுதின?"

"நீ சொன்னா ஒருத்தனும் மறுபேச்சுப் பேச மாட்டான். புல்லு விஷயத்துல உன் வார்த்தைதான் அவங்களுக்கு எல்லாம். அதான்."

பாராட்டுச் சொல்வதுபோலத்தான் அவன் அதைச் சொன்னான். கத்திரி கடை வாசலில் நின்று தெருவைப் பார்த்தான். ஒரு ஆள் உடைந்த கைபேசியோடு உள்ளே வர வழி கேட்டு நின்றார். அவருக்கு ஒதுங்கி வழிவிட்டான்.

"சரிங்க மாப்பிள்ளை," என்றான். "நான் வர்றேங்க."

முப்பது வருஷத்தில் அவர்களுக்கு நடுவே ஒரு 'ங்க' வந்ததில்லை. மாப்பிள்ளையின் முகம் வெளுத்துப்போனது. அறைந்திருந்தால் கூட அவன் அவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொதித்தாள். தப்பித்த அந்தப் பச்சையையாவது பெயர்த்துக் கொண்டுவந்து வாசலில் நடச் சொன்னாள். "புல்லுக்கா பஞ்சம்?" என்று சொல்லிவிட்டு அவன் படுத்துக்கொண்டான். தலையைத் தடவிக்கொடுத்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "உங்க தங்கச்சிக்குத் தெரியுமா?" அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அதைத்தான் அவன் தன்னையே கேட்டுக்கொள்ளாமல் வைத்திருந்தான்.

ஞாயிறு காலை குழு கூடியபோது கத்திரி போனான். எல்லோரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளை மேடையின் ஓரத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஆர்டர் குடுத்தாச்சு, புல்லும் செத்தாச்சு. விரிப்பைப் போட்டுக்குங்க," என்றான் கத்திரி. "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். நோட்டுல என் ஆலோசனைன்னு எழுதியிருக்கு. நான் அப்படிச் சொல்லல. இந்தப் புல்லு தாங்கும். அந்த வரியை அடிச்சுரணும்."

டாக்டர் நோட்டைப் பிரித்தார். பேனாவைக் கொண்டுபோய் மாப்பிள்ளையிடமே நீட்டினார். மாப்பிள்ளை நோட்டை முழங்காலில் வைத்து, எல்லோரும் பார்க்க அந்த வரியை அடித்தான். கோடு கோணி அடுத்த வரிக்கும் இறங்கிவிட்டது. யாரோ பின்னாலிருந்து, ட்ராக்குக்குக் கத்திரியின் பெயரையே வைத்துவிடலாம் என்றார்கள்.

"பேரை எடுத்துக்கிட்டதே போதுங்க," என்றான் கத்திரி. தன்னுடைய புல்வெட்டும் மெஷினையும் உருளையையும் வேனில் ஏற்றினான். ஏற்ற ஆறு பேர் ஓடி வந்தார்கள்.

விரிப்புப் போட்டார்கள். நன்றாகத்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்டான். மழையிலும் ஓட்டுகிறார்களாம். டாக்டர் இரண்டு முறை கூப்பிட்டார். நல்லபடியாகப் பேசினான், போகவில்லை. மாப்பிள்ளையைக் கல்யாணம் காட்சிகளில் பார்த்தால் "வாங்க, சாப்பிட்டீங்களா" என்பான். சுற்றியிருந்தவர்களுக்கு அது மரியாதையாகத் தெரிந்தது. மாப்பிள்ளை பதில் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போவான்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் தங்கை தனியாக வந்தாள். கத்திரி பின்கட்டில் மெஷினின் கத்தியைக் கழற்றித் தீட்டிக்கொண்டிருந்தான். எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவரு சரியா சாப்பிடறதே இல்லண்ணே. கடையிலயும் உட்காரறதில்ல. நீ ஒரு வார்த்தை பழையபடி பேசிட்டா..."

"உனக்குத் தெரியுமா?" என்றான் அவன். கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.



"தெரியும்ணே. ஸ்பிரேயரைக் கழுவினதே நான்தான்."

தீட்டுக்கல் நின்றது.

"டீ குடுத்தப்பல்லாம் சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அவரு தானே சொல்றேன்னாரு. ஒரு நாளு, இன்னும் ஒரு நாளுன்னு..." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "என் மேல கோபமாண்ணே?"

"இல்ல," என்றான்.

அது பொய் என்று இருவருக்கும் தெரிந்தது. அவள் தலையாட்டினாள். உள்ளே போய் அண்ணியோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, புறப்படுகிறேன் என்று வந்து நின்றாள். அவன் கையைக் கழுவிக்கொண்டு, வழக்கம்போலப் பேருந்து நிறுத்தம் வரை கூட நடந்தான். பேருந்து வரத் தாமதமானது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவளை நிழலில் நிற்கச் சொன்னான். பிள்ளைகளின் பரீட்சை எப்போது என்று கேட்டான். அவள் சொன்னாள். பிறகு இருவரும் பேருந்து வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.